நடுவில் நின்றவன்

ஜெர்மனியில் படிக்கும் செண்பகம், வகுப்பு நண்பர்களோடு இரண்டு நாள் பயணமாகப் புளோரன்ஸ் வந்திருந்தாள். பேராலயத்தின் முன்னால் நின்று அம்மாவிடம் போனில் பேசி முடித்ததும், ரோஜாப்பூ விற்றுக்கொண்டிருந்த ஒருவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"தங்கச்சி, தமிழோ? நான் நிரோஷன், பருத்தித்துறை. ஒரு படம் எடுத்துத் தருவீங்களோ? இங்க படிக்கிறன் எண்டு வீட்டில சொல்லி வச்சிருக்கிறன்."

செண்பகம் தன் பையைக் கழற்றி அவன் தோளில் மாட்டிவிட்டு, பூக்களைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதும் நண்பர்கள் அவனை நடுவில் இழுத்து நிறுத்தித் தோளில் கை போட்டார்கள். அவள் போனைத் தூக்கிய நேரத்தில், சதுக்கத்தின் மறுமுனையில் பூ விற்றவர்கள் சிதறி ஓடினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"என்னட்ட விசா இல்லை. பிடிச்சா ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள்" என்றான் நிரோஷன்.

"அசையாதீங்கண்ணே. சிரிங்க."

அவன் சிரித்தான். போலீஸ்காரர்கள் மாணவர் கூட்டத்தைக் கடந்து, கை நிறையப் பூவோடு நின்றவளிடம் வந்து பாஸ்போர்ட் கேட்டார்கள். அது அவன் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது.

"தங்கியிருக்கும் அறையில் வைத்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் செண்பகம். கூட வரச் சொன்னார்கள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கொஞ்ச தூரம் போவதற்குள், "தங்கச்சி, உங்கட பை!" என்று கத்திக்கொண்டு நிரோஷன் ஓடி வரும் சத்தம் கேட்டது.