ராசியான கட்டு

"கெட்ட சீட்டு வந்தா மறைக்காம சொல்லுவியா?" என்று கேட்டுக்கொண்டே முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்தாள் அந்த அம்மாள்.

நாரே ஒரு கோப்பை பார்லித் தேநீரை ஊற்றி அந்த அம்மாள் முன் வைத்தாள். தென்கொரியாவின் பூசான் நகரில், பெரிய மருத்துவமனைக்கு எதிர்ச் சந்திலிருந்த இந்த டாரட் சீட்டு ஜோசியக் கூடாரத்தை அவள் தரகர் மூலம் வாங்கி ஐந்து நாள்தான் ஆகிறது. மேசை, அடுப்பு, பழைய சீட்டுக்கட்டு எல்லாம் கடையோடு வந்தவை. அவள் கற்றதெல்லாம் புத்தகத்தைப் பார்த்துத்தான். மரணச் சீட்டு வந்துவிட்டால் எந்த வாயால் அதைச் சொல்வது என்று தினமும் பயந்துகொண்டேதான் கடை திறந்தாள். நல்லவேளை, ராசியான கட்டு. இதுவரை யாரும் அழுதுகொண்டு போகவில்லை.

"சொல்றேம்மா. என்ன கேக்கணும்?"

"என் வீட்டுக்காரர் எதிர்ல அஞ்சாவது மாடியில கெடக்கார். நாப்பது நாளா நினைவே இல்ல. மூச்சுக்கு வெச்ச குழாயை எடுத்துடலாம்கறார் டாக்டர். மக காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டா. நான்தான் பாக்கி. மூணு மணிக்குள்ள போடணுமாம்."

நாரே சீட்டுகளை விசிறிபோல விரித்தாள். "இடது கையால மூணு எடுங்க. அவரையே நெனச்சுக்கிட்டு."

"முப்பத்தாறு வருஷமா வேற யாரை நெனச்சேன்?"

முதலில் வந்தது சூரியன். அடுத்து நட்சத்திரம். மூன்றாவது உலகம். நாரேவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அம்மா, இதைவிட நல்லதா வரவே வராது! இருட்டு விலகுது. நட்சத்திரம்னா உடம்பு தேறும். உலகம் வந்திருக்கு, முழுசா வீடு திரும்புவார்!"

அந்த அம்மாள் சூரியனையே வெறித்துப் பார்த்தாள். "இன்னும் மூணு எடுக்கவா?"

எடுத்தாள். வானவில்லுக்குக் கீழே பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பம். வெற்றி மாலையோடு குதிரை வீரன். தோட்டத்தில் ஒரு ராணி. ஒன்றுகூடக் கெட்டதில்லை.

"கையெழுத்துப் போட்டுடாதீங்கம்மா! இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க!" நாரே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

"நீ சொல்றியா, சீட்டு சொல்லுதா?"

"சத்தியமா சீட்டுதாம்மா சொல்லுது!"

கோப்பையில் பார்லித் தேநீர் ஆறிப்போயிருந்தது. பிறகு அந்த அம்மாள் தன் பையைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்த ஒரு சின்ன மூட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுதான் வந்தேன். தெரிஞ்சும், அந்தச் சூரியனைப் பாத்ததும் ஒரு நிமிஷம் நெஞ்சு நம்பிடுச்சு பாரு..."

"என்னம்மா தெரியும்?"

"இந்தக் கடையை வித்தவ நான்தான். ஆஸ்பத்திரி சனம் அழக்கூடாதுன்னு, கெட்ட சீட்டு இருபத்தாறையும் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே உருவிட்டேன். என் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் இப்படிக் காத்துக் கெடந்தாங்களோ! இந்த மூட்டையில இருக்கிற எல்லாத்தையும் திரும்பக் கட்டுல சேத்துடும்மா" என்றவள் எழுந்து கண்ணைத் துடைத்தாள். "ஒரு பேனா இருந்தா குடு."