பட்டியல் மாறிய வாரத்து வெள்ளிக்கிழமை

போன் நம்பர்கள் ஒழிந்து, எல்லோருக்கும் இணையப் பெயரே முகவரி ஆகிவிட்டது. அந்தப் பெயர்களை யார் ஆள்வது என்று நாடுகள் பத்து வருஷம் பேசி, கடைசியில் இரண்டு அணியாகப் பிரிந்து, அணிக்கொரு சபையும் பட்டியலும் போட்டுக்கொண்டன. திங்கட்கிழமை நம் அரசாங்கம் இரண்டாவது பட்டியலுக்கு மாறியது.

வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் சகாயராணி வழக்கம்போல ‘வில்பர்ட்.கப்பல்’ என்று தட்டினாள். திரையில் வந்தவர் அவள் கணவர் இல்லை.

“இந்தப் பட்டியல்ல அந்தப் பேரு என்னோடதும்மா,” என்றார் அவர். “நானும் கப்பல்லதான் இருக்கேன். என் வீட்டுப் பேரைத் தட்டுனா வேற யாரோ எடுக்கறாங்க.”

புகார் கொடுத்தாள். அதை எந்தச் சபை விசாரிப்பது என்று இரண்டு சபைகளும் பேசிக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது.

அடுத்த வெள்ளியும் பழக்கத்தில் கை அதையே தட்டியது. அதே மனிதர். வைக்கப்போனவள், “பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல்,” என்றாள். அவர் கேட்டுக்கொண்டார்.

மறுவாரம் அவரே அழைத்தார். “காய்ச்சல் விட்டுச்சாம்மா?”

“விட்டுருச்சு. நீங்க சாப்டீங்களா?”

“சாப்டேன்.”

எங்கோ ஒரு கடலில் வில்பர்ட்டும் யாரோ ஒருத்தியிடம் இதையே சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். சாப்பிட்டிருந்தால் சரி.