பத்துக் குழாய்ப் பச்சை

பாட்டில் தொழிற்சாலை முதலாளிக்குக் காலையிலிருந்து மூன்று சட்டை நனைந்துவிட்டது. உலைச் சூடு காரணமல்ல. பத்து மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார்.

'புகையை அடக்காவிட்டால் ஆலைக்குப் பூட்டு' என்று நோட்டீஸ் வந்த அன்று, அவர் மனைவியின் தம்பிதான் யோசனை சொன்னான்.

"நுண்பாசின்னு ஒண்ணு இருக்காம் மாமா. கண்ணாடிக் குழாய்ல தண்ணி ஊத்தி வளர்த்தா, புகையில இருக்கற கரியமில வாயுவைக் குடிச்சிடுமாம். அப்புறம் அதையே பிழிஞ்சா வண்டிக்கு எண்ணெய்! சும்மா ஒரு மாதிரியைக் காட்டி அவகாசம் வாங்கிடலாம்."

"அதை வளர்க்கறதுக்கு நான் எங்கடா போவேன்?"

"யாரு வளர்க்கச் சொன்னா? பச்சைச் சாயம் போதும்!"

முதலாளி அவனைக் கட்டிப்பிடித்து உச்சந்தலையில் முத்தமே கொடுத்துவிட்டார்.

ஆளுயரக் கண்ணாடிக் குழாய்கள் பத்து, முற்றத்து வெயிலில் வரிசையாக நின்றன. சாயம் வாங்கிக் கலக்கும் பொறுப்பை மைத்துனன் ஏற்றுக்கொண்டான். குமிழி வந்தால்தான் நம்புவார்கள் என்று புகைபோக்கியிலிருந்து ஒரு கிளை இழுத்து, புகையை ஆறவைத்து உள்ளே விட்டார்கள். ஒரு மாதமாகக் குழாய்கள் குளுகுளுவென்று கொப்பளித்துக்கொண்டிருந்தன.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான பெண்மணி, கையில் இரண்டு பெட்டி. டீ வேண்டாம் என்றார். நாற்காலியும் வேண்டாம் என்றார். ஒரு பெட்டியிலிருந்து வாயு அளக்கும் கருவியை எடுத்துக் குழாயின் மேல்வாயில் வைத்தார். புருவம் சுருங்கியது. புகைபோக்கியில் வைத்தார். மறுபடி குழாயில் வைத்தார். கருவியை ஒரு தட்டு தட்டி, பேட்டரியை மாற்றி, மறுபடியும் வைத்தார்.

"இப்படி இருக்கவே முடியாதே!"

முதலாளிக்கு நான்காவது சட்டையும் போனது. மைத்துனன் மெல்ல நகர்ந்து பத்தாவது குழாய்க்குப் பின்னால் நின்றுகொண்டான். பச்சைத் தண்ணீருக்குப் பின்னால் அவன் முகமும் பச்சையாகத் தெரிந்தது.

அதிகாரி போனை எடுத்தார். "சார், உடனே வண்டியை எடுத்துட்டு வாங்க. கேமராவும் வேணும். நான் நேர்ல காட்டினாத்தான் நீங்க நம்புவீங்க." பிறகு திரும்பினார். "அவங்க வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது."

விலங்கு, ஜெயில், பேப்பரில் போட்டோ எல்லாம் முதலாளியின் கண்முன் ஓடின. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் மனைவியின் முகம். அவர் பொலபொலவென்று உடைந்தார்.

"மேடம், நான் புள்ளகுட்டிக்காரன்! ஒப்புக்கறேன் மேடம். அத்தனையும் சாயம். வெறும் பச்சைச் சாயம்!"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல ஆளு சார் நீங்க! சாயம் எங்கயாவது புகையைக் குடிக்குமா? உள்ள போற கரியமில வாயுவுல பாதிகூட வெளிய வரல!"

இரண்டாவது பெட்டியிலிருந்து நுண்ணோக்கி வந்தது. குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் விட்டு, முதலாளியைக் குனியச் சொன்னார். பச்சை உருண்டைகள், ஆயிரக்கணக்கில், சந்தைக் கூட்டம்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"எந்த ஆராய்ச்சிக்கூடத்துல புடிச்சீங்க இந்தப் பாசியை? இதுல எண்ணெய் எடுத்தா உங்க வேன் மட்டுமில்ல, எங்க ஆபீஸ் ஜீப்பும் ஓடும்!"

முதலாளி நிமிர்ந்தார். நேராகப் பத்தாவது குழாய்க்குப் பின்னால் போய் மைத்துனனின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"டேய், சாயம் எங்கடா?"

"கோவிச்சுக்காதீங்க மாமா," என்றான் அவன். "நீங்க குடுத்த காசை அன்னிக்கே சீட்டாட்டத்துல விட்டுட்டேன். ஆலைக்குப் பின்னால இருக்கற பச்சைக் குட்டையில ஓசியா மொண்டுதான் ஊத்தினேன்."