திறந்து கிடந்த வாசல்

"சர்வர்ல கை வைக்கிறது இவன் ஒருத்தன்தாம்மா. வேற யாரு திருடியிருப்பா?"

ரத்தப் பரிசோதனை லேப் முதலாளி சத்தியமூர்த்தி, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இனாமுல் ஹசனைக் கண்ணால் காட்டினார்.

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாது. நீ சோதிச்சு எழுதிக் குடு. போலீசை நான் பாத்துக்கிறேன்."

நேமத்தான்பட்டியில் ஒரு கல்யாணம் என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

சர்வரைச் சோதிக்க வெளியிலிருந்து வந்திருந்த சத்தியப்பிரியாவுக்கு விஷயம் தெரியும். காரைக்குடியே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. இந்த லேபில் டெஸ்ட் எடுத்த கருத்தையா தன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் முன்பே, யாரோ அவர் வீட்டுக்குப் போன் போட்டு, "கேன்சருக்கு எங்ககிட்ட நல்ல மருந்து இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். எடுத்தது அவர் மனைவி. அங்கேயே மயங்கி விழுந்தவர், இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

இனாமுல் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். இத்தனைக்கும் ஏசி ஓடியது.

"தம்பி, வெளியில இருந்து இந்த சர்வருக்குள்ள வர வழி எதுவும் இருக்கா?"

"இல்லக்கா. எல்லாப் போர்ட்டையும் நானே அடைச்சு வச்சிருக்கேன்."

"உள்ளுக்குள்ள இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். வெளியில நின்னு தட்டிப் பாப்போம்."

தன் செல்போனில் லேப் வைஃபையை அணைத்தாள். முன்பின் தெரியாத ஆள் போல, சொந்த நெட்டிலிருந்து சர்வருக்குள் நுழையும் வாசல்களான போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

அடைத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

ஒன்று மட்டும் பதில் சொன்னது. திறந்து கிடந்தது.

"இது என்ன தம்பி?"

அவன் முகம் வெளிறிப் போனது. "அல்லா மேல ஆணையா நான் திறக்கலக்கா."

"இதைத் திறக்குற பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட இருக்கு... சாருகிட்டயும் இருக்கு."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒண்ணும் தெரியாத மனுசன் மேல பழியத் தள்ளிவிடப் பாக்குறீகளா?"

"என் வீட்டுக்காரி பெனாசிருக்கு இது நெறமாசம்க்கா. இப்பப் போயி போலீசு கீலீசுன்னா..."

"ஆஸ்பத்திரியில கெடக்குற அந்தம்மாவும் ஒருத்தர் பொண்டாட்டிதான்."

அவன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

அந்தப் போர்ட்டை அடைத்தாள். மறுபடி வெளியிலிருந்து தட்டினாள். பதில் இல்லை. திருப்தியாக இருந்தது.

'இனாமுல் ஹசன்தான் காரணம்' என்று டைப் செய்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்த முழி ஒன்றே போதும், திருட்டு முழி. அனுப்ப விரலைக் கொண்டுபோனாள்.

போன் அடித்தது. சத்தியமூர்த்தி. பின்னால் கல்யாண வீட்டு மேளச் சத்தம்.

"சார், கண்டுபிடிச்சிட்டேன். ஒரு போர்ட்டு திறந்து கெடந்துச்சு, இப்பத்தான் அடைச்சேன்..."

"அதைத்தாம்மா கேக்குறேன்!" என்று கத்தினார் அவர். "மருந்துக் கம்பெனிக்காரவுக உள்ள போக முடியலைன்னு என்னையப் பிடிச்சு உலுக்குறாக. உன்னைய ஆளைத்தானே பிடிக்கச் சொன்னேன், வாசலை எதுக்கும்மா அடைச்சே?"