மடக்காத நாற்காலிகள்

பஸ் டிக்கெட் பதிவு செய்ய ஒரு புது சர்வர் வந்தது. எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று சோதிக்க, பொய்ப் பயணிகளை அதனிடம் ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். அதன் நினைவகம் எவ்வளவு நிரம்புகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு மீட்டரையும் வைத்தார்கள்.

சர்வர் சலித்துக்கொள்ளவே இல்லை. வந்த ஒவ்வொருவருக்கும் நினைவகத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, டிக்கெட் கொடுத்து அனுப்பியது.

கூட்டம் வடிந்தது. மீட்டரின் முள் மட்டும் இறங்கவில்லை.

"அக்கா, எல்லாரும் போயாச்சு. நாற்காலியை மடக்கலையா?" என்று சர்வரிடம் கேட்டது மீட்டர்.

"எப்படித் தம்பி மடக்குறது? ஒவ்வொருத்தரும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனாங்க."

"அது சும்மா சொல்றதுதான்க்கா. அடுத்த கூட்டம் உள்ள வந்தா இடமே இருக்காது. நீங்கதான் மயங்கி விழுவீங்க."

"வரேன்னு சொன்னவங்களை நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்?" என்ற சர்வர் கதவோரமாகக் கை காட்டியது. "நீயும் நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துட்டு, போயிட்டு வரேன்னுதான் சொல்ற. அந்த வரிசை பூரா உனக்குப் போட்டது."

மீட்டர் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றது. வெளியே அடுத்த கூட்டம் சேர்ந்துவிட்டது.

"அப்ப நான் போறேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

சர்வருக்கு முகம் வாடிவிட்டது. "அப்படிச் சொல்லக் கூடாதுப்பா" என்று முனகிக்கொண்டே, கதவோர நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கியது. நினைவகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் இடம் காலியானது.

அதை அளந்து சொல்லத்தான் அங்கே யாரும் இல்லை.