டீசல் டேங்கில் குடியிருப்போர்

டீசலில் கிருமி பெருகி, ஃபில்டரை அடைத்து, நடுக்கடலில் படகின் என்ஜின் நின்றே போயிற்று. கிருமியைக் கொல்லும் மருந்து படகோட்டி செலஸ்டின் கையில்தான் இருந்தது. நுண்ணுயிர் நலத்துறை அனுமதிக்காமல் ஊற்றினால் கொலைக் கேஸ்.

"ஏம்மா, காலையிலேருந்து அனுமதி கேக்கேன், படகுல தண்ணி ஏறுது!" என்று வயர்லெஸ்ஸில் கத்தினான்.

"டேங்க்ல எத்தனை உயிர் இருக்கு சார்?" என்றாள் துறைக்காரி.

"அது கெடக்கும் கோடிக்கணக்குல! மேல நாங்க நாலு பேரு இருக்கோம்லா!"

"ஐயோ, கோடியா!"

அரை மணியில் மீட்புப் படகு பறந்து வந்தது. அப்பாடா என்று செலஸ்டின் பையைத் தோளில் மாட்டினான்.

வந்தவர்கள் டேங்கை அலுங்காமல் குலுங்காமல் கழற்றி ஏற்றிக்கொண்டார்கள்.

"ஏய், நாங்க?"

"நாலு பேர்தானே அண்ணாச்சி? தனியா விண்ணப்பம் போடுங்க."