வச்சது வச்ச இடத்தில்

"ஒரு நூல்கூட நகரக் கூடாது தம்பி. அவ எங்கெங்க வச்சிருந்தாளோ, அங்கங்கதான் இருக்கணும்."

வீட்டுக்காரர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். அவர் மனைவியின் மேசைக்கு அடியில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக், மூன்றாவது தடவையாக 'ம்' கொட்டினான்.

அவனுக்கு இது முக்கால் மணி நேர வேலை. திரை பழையதே, பெட்டி மட்டும் புதுசு. பழைய பெட்டியில் இருப்பதை இதில் ஏற்றிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டதில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

"மேடம் எப்ப சார் வர்றாங்க?"

"அஞ்சு மணிக்கு. பொண்ணையும் கூட்டிக்கிட்டு வர்றா. அவ அக்கா வீட்டுக்குப் போய் நாப்பது நாள் ஆச்சு." கொஞ்சம் தயங்கினார். "கோவிச்சுக்கிட்டுத்தான் போனா."

மெக்கானிக் அடுத்த ஒயரை மாட்டினான். கேட்காவிட்டாலும் சொல்லுவார்கள் என்பது அவன் தொழில் அனுபவம். கம்ப்யூட்டரையே திறந்து காட்டியாயிற்று, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள் போல.

"எனக்கு எதுவும் ஒழுங்கா இருக்கணும் தம்பி. சமையல்கட்டு டப்பாவை எல்லாம் உயர வாரியா அடுக்குவேன். அவ இல்லாதப்ப அவ மேசையைச் சுத்தம் பண்ணுவேன். நல்லதுக்குத்தான் பண்ணினேன். அவளுக்கு ஒரு பேப்பர்கூடக் கைக்குக் கிடைக்காம, கடைசியில கிளம்பிட்டா. போன வாரம் போன் பண்ணி, 'ஒரு தடவை வந்து பாக்கறேன். என் பொருள் வச்சது வச்ச இடத்துல இருந்தா இருப்பேன். இல்லைன்னா இதோட சரி'ன்னா. அவ சொன்னா சொன்னதுதான்."

"அப்ப எதுக்கு சார் புதுப் பெட்டி?"

"அது அவளே ரெண்டு வருஷமாக் கேட்டது. நான்தான் காதுல வாங்கலை."

மெக்கானிக் புதுப் பெட்டியை ஆன் செய்தான். வெறும் நீலத்தில் திரை திறந்தது. பழைய பெட்டியில் திரை இருந்த விதத்தை முதலிலேயே போனில் படம் எடுத்து வைத்திருந்தான். கறுப்புப் பின்னணியில் மொத்தம் பதினேழு ஐகான். 'இறுதி', 'இறுதி 2', 'திருத்திய இறுதி', 'இதுதான் இறுதி' என்று போகிறது. மேடத்துக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிற வேலையாம். ஆனால் சொந்தத் திரையில் முக்கால்வாசி இடம் காலி. பதினேழும் வலது பக்கம் மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக, சர்க்கரையை எறும்பு மொய்த்த மாதிரி கிடந்தன.

"சார், இதை வரிசையா அடுக்கிடறேனே. ஒரே கிளிக். பளிச்சுனு இருக்கும்."

"தொடாதீங்க தம்பி." வீட்டுக்காரர் அவன் கையையே பிடித்துவிட்டார். "அவளுக்கு அதுல ஏதோ ஒரு கணக்கு இருக்கும். எனக்குப் புரியாததெல்லாம் தப்புன்னு நினைச்சுத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பழைய பெட்டியைக் கழற்றும் முன்பே திரையில் ஸ்கேல் வைத்து அளந்து, ஒவ்வொரு ஐகானுக்கும் மேலேயிருந்து எவ்வளவு, ஓரத்திலிருந்து எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தார். மெக்கானிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வைத்தான்.

"'இதுதான் இறுதி' இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம், போதும்."

பதினேழும் உட்கார்ந்தபோது மணி நாலே முக்கால்.

"பின்னாடி என்ன சார், கறுப்பே போட்டுடவா?"

"கறுப்பு அவ வச்சதில்லை. நாலு மாசம் முன்னாடி தானா அப்படி ஆயிடுச்சுன்னு சொன்னா."

"உள்ளே திருட்டு சாஃப்ட்வேர் போட்டிருப்பாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அது படத்தைத் தூக்கிட்டுக் கறுப்படிச்சிடும்."

"தெரிஞ்சவர் ஒருத்தர் சும்மா போட்டுக் குடுத்தார்" என்று வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"பழைய படம் உள்ளேயே இருக்கு சார். இதுல போட்டுக்கலாம்."

"இருக்கா?" அன்று முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. "நாங்க மூணு பேரும் ஏரிக்கரையில எடுத்தது. மூணு வருஷம் முன்னாடி நானே போட்டுக் குடுத்தேன். இதை மாத்தவே கூடாதுன்னு சொல்லியிருந்தேன், அவளும் மாத்தலை. அதுக்கப்புறம் இந்தக் கம்ப்யூட்டர் பக்கம் என்னை விட்டதில்லை. போடுங்க தம்பி. அதைப் பாத்தான்னா அவ மனசு இளகிடும்."

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக் கிளிக் செய்தான்.

திரை முழுக்க ஏரி விரிந்தது. இடது ஓரத்தில் மனைவி, நடுவில் மகள். இரண்டு பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார்கள். வலது பக்கம், மகளின் தோளில் கை போட்டபடி ஒரு கட்டம் போட்ட சட்டை. அதன் காலருக்கு மேலே, காது நுனிகூடத் தெரியாதபடி பதினேழு ஐகானும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

வாசல் மணி அடித்தது. மெக்கானிக்குப் பாவமாக இருந்தது.

"நகர்த்திடவா சார்? ஒரே கிளிக்தான்."

வீட்டுக்காரர் கையிலிருந்த அளவுத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"தொடாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனார்.